புதுப்பிப்பு: அடுப்பில் கொதிக்கவிடும் வாசனைத் தண்ணீர், மணம் நிற்காத பிரச்சினை தீர்ந்தது

வீடு மணக்கத் தண்ணீரில் ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் சீக்கிரமே போய்விடுகிறது, சமையலறையைத் தாண்டவும் மாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "தோலைப் பிறகு போடுங்கள்" என்ற யோசனைதான். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன் என்ற மணப்பொருள். அது நீராவியோடு சட்டென்று பறந்துவிடும். பட்டையும் கிராம்பும் அப்படியில்லை, மெதுவாகத்தான் மணத்தை விடும். அதனால் ஒன்றிரண்டாகத் தட்டிய பட்டை, கிராம்பை மட்டும் முதலில் கொதிக்கவிட்டு, தீயை சிம்மில் வைத்த பிறகு தோலைச் சேர்க்கிறேன். ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதும், தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. அப்புறம் வாசம் குறையும்போதெல்லாம் புதிதாக ஒரு துண்டு தோல், கொஞ்சம் வெந்நீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி ஆவி கிளம்பும்வரை மணமே இருக்காது.

எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தச் சொன்னவர் சொன்னதும் சரி. நிறுத்திய பிறகுதான் வாசம் கூடத்துக்கு வந்தது. வெனிலா எசன்ஸ் சேர்த்ததில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எதிர்பாராத ஒன்று: ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீர் கோத்துவிட்டது. ஒரு கதவையாவது திறந்து வையுங்கள். பொரித்த வாடையையும் இது போக்காது, மேலே மூடத்தான் செய்யும். முதலில் காற்றோட்டம் வேண்டும். தண்ணீர் வற்றினால் பாத்திரம் தீய்ந்துவிடும், எனவே வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

மிச்சத்தை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் பட்டை மணக்கிறது. தோலை மட்டும் மாற்றினால் போதும்.