ப்ரீகண்டிஷனிங்: 'முன்குளிர்விப்பு' போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

சிறிய மின்காரின் கையேட்டைத் தமிழாக்கும்போது ப்ரீகண்டிஷனிங் என்ற சொல்லில் வந்து நிற்கிறோம். சார்ஜர் செருகியிருக்கும்போதே, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு வண்டியை வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுவரும் வேலை அது. அகராதியைப் பார்த்துப் போட்டால் 'முன்நிபந்தனை' என்று வருகிறது. திரையில் "முன்நிபந்தனை தொடங்கட்டுமா?" என்று கேட்டால், ஏதோ கடன் பத்திரம் என்று ஓட்டுநர் பயந்துவிடுவார். 'முன்குளிர்விப்பு' என் பரிந்துரை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிறிய ஹேட்ச்பேக்கின் உள்ளே இருக்கும் காற்று சுமார் 3 கிலோ. அதை 30 டிகிரி இறக்க 90 கிலோஜூல் போதும், 0.025 யூனிட்தான். சூட்டைப் பிடித்து வைத்திருப்பவை டேஷ்போர்டு, சீட்டு, கண்ணாடி. அவற்றை 60 கிலோ என்றும், கிலோவுக்கு டிகிரிக்கு 1.5 கிலோஜூல் என்றும் கொண்டால், 25 டிகிரி இறக்க 0.6 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏசி இரண்டு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்றால் செலவு 0.3 யூனிட், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஓட்டம். மிச்சம் பெரிதில்லை; ஏறியதும் உட்கார முடிகிறது என்பதே லாபம். ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, தின்பது நெரிசல்தான்: ஏசி சீராக 1 கிலோவாட் இழுத்தால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 40 வாட்-மணி போகும், 80 கி.மீ. வேகத்தில் 12.5 மட்டும்.

———

ஐயா, கணக்கு சரி, சொல் பாதிதான். டொரொன்டோவில் சனவரிக் காலையில் இதே பொத்தானை அழுத்தினால் வண்டி சூடாகும்! அங்கே அது 'முன்குளிர்விப்பு' ஆகுமா?

இன்னொன்று, இது ஆட்கள் உட்காரும் அறையோடு முடிவதில்லை. லித்தியம் செல்லை 0 டிகிரிக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால், லித்தியம் எதிர்மின்முனைக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிகிறது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதனால் முதலில் பேட்டரியைச் சூடாக்குகிறார்கள். 100 கிலோ செல்களை 10 டிகிரி உயர்த்த, கிலோவுக்கு டிகிரிக்கு 1 கிலோஜூல் வீதம் 0.28 யூனிட். பேட்டரியைச் சுற்றி ஓடும் குளிரூட்டி நீரில் 3 கிலோவாட் ஹீட்டர் இருந்தாலும் ஐந்தாறு நிமிடம் ஆகும். சூடாக்கல், குளிர்வித்தல் இரண்டையும் தாங்கும் சொல் வேண்டும்.

———

அந்தச் சொல் நம் அடுப்படியிலேயே இருக்கிறது: பதம். பாகு கம்பிப் பதம், உழவுக்கு மண் பதம், பட்டறையில் இரும்புக்குப் பதம். சூட்டாலோ ஈரத்தாலோ ஒரு பொருள் வேலைக்கு ஏற்ற நிலைக்கு வருவதைத்தான் பதம் என்கிறோம். அது ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. குளிர்பதனம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், குடும்பமும் ஒத்துப்போகிறது.

'பதப்படுத்தல்' மட்டும் வேண்டாம். மீனையும் தோலையும் கெடாமல் வைப்பதற்கு அது போய்விட்டது. 'பேட்டரியைப் பதப்படுத்து' என்றால் உப்புப் போடச் சொல்வதுபோல் இருக்கும். 'பதமாக்கல்' தெளிவு. இலக்கணப்படி 'முற்பதமாக்கல்' என்று யாராவது திருத்துவார்கள். முற்பகல் உண்டு, ஆனால் முன்பதிவும் முன்பணமும் வழக்கில் நிலைத்துவிட்டன. 'முற்பதம்' என்றால் முன்னே வரும் சொல் என்றும் படும். ஆகவே முன்பதமாக்கல்.

———

எனக்குச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு (முன்நிபந்தனை அல்ல!): எதைப் பதமாக்குகிறோம் என்பது சொல்லோடு சேர்ந்தே வர வேண்டும். பேட்டரியை நீரோட்டத்தால் குளிர்விக்கும் பல வண்டிகளில், அறைக்கும் பேட்டரிக்கும் கம்ப்ரஸர் ஒன்றுதான். கோடையில் வேகச் சார்ஜரில் நிறுத்தி ஏசி போட்டால், குளிர்வாயுவின் பெரும்பங்கை பேட்டரியின் வெப்பமாற்றி எடுத்துக்கொள்ளும். அறையில் வெதுவெதுப்பான காற்று வரும். திரையில் வெறுமனே 'பதமாக்கல் நடக்கிறது' என்றிருந்தால், கேஸ் குறைந்துவிட்டது என்று தெருமுனை ஏசி கடைக்குப் போவார்கள்.

அங்கேதான் ஆபத்து. பெல்ட் கம்ப்ரஸர்களுக்கு வழக்கமாக பி.ஏ.ஜி. எண்ணெய். மின்கம்ப்ரஸரில் மோட்டார் சுருள் குளிர்வாயுவுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் மின்காப்பு உள்ள பி.ஓ.இ. எண்ணெய் வேண்டும். கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பி.ஏ.ஜி. கலந்தாலே காப்புத்தடை (மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறன்) இறங்கும். மின்கசிவு எச்சரிக்கை விழுந்து வண்டி கிளம்ப மறுக்கவும் கூடும்.

ஆகவே திரைக்கு 'அறை முன்பதமாக்கல்', 'பேட்டரி முன்பதமாக்கல்'. பொத்தானில் இடம் குறைவு, 'பதமாக்கு' போதும். ஓடும்போதே வேகச் சார்ஜரை நோக்கிப் பேட்டரியைச் சூடாக்குவதும் 'முன்'தான், சார்ஜுக்கு முன்.

'அறை' என்பதா 'உள்ளறை' என்பதா என்று அடுத்த மடலில் சண்டை போடலாம்.