கல்லிடைக்குறிச்சியில் டிரஸ்ட் பெயரில் உள்ள பூட்டிய வீட்டை வாங்கலாமா?

கால்வாய்க்கரை:
கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. குடும்பத்துப் பெரியவர் 1994இல் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, தம் பிள்ளைகள் மூவரையும் டிரஸ்டிகளாக்கிவிட்டுக் காலமாகிவிட்டார். இருவர் விற்கத் தயாராக இருக்கிறார்கள். மும்பையில் இருக்கும் மூன்றாமவர் போனில் ‘சரி’ என்றதோடு சரி. மார்கழி மாதம் முழுவதும் வாடகைப் பணத்தில் கோயிலில் விளக்கேற்ற வேண்டும் என்றும் பத்திரத்தில் இருக்கிறதாம். ஐந்து லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அம்பைவாசி:
பத்திரத்தின் சான்றிட்ட நகலை நீங்களே படிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி டிரஸ்டிகள் அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும். ஆகவே மும்பைக்காரர் போனில் சொன்ன ‘சரி’ கையெழுத்தாகாது. விற்கும் அதிகாரம் பத்திரத்தில் இல்லையென்றால், பயனாளிகள், அதாவது டிரஸ்டின் பலனைப் பெற வேண்டியவர்கள், அனைவரும் மேஜராக இருந்து ஒப்புக்கொண்டால் வழியுண்டு. ஒருவர் மைனராக இருந்தாலும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

நெல்லைப்பதிவு:
அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனால் எனக்கு அந்த விளக்குதான் உறுத்துகிறது. வருமானத்தில் ஒரு பகுதி மட்டும் விளக்குக்கு என்றால் அது ஒரு பொறுப்பு. வீட்டையே கோயில் கட்டளைக்கு, அதாவது கோயில் பூஜைக்கான அறக்கொடையாக, எழுதி வைத்திருந்தால் கதை வேறு. அப்போது 1959ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வந்துவிடும். ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் பார்க்கலாம். அங்கே கிடைக்காத பழைய பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

திண்ணைக்காரன்:
சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இதே போன்ற வீட்டுக்கு நான் முன்பணம் கொடுத்த பிறகுதான் பொதுச்சுவரைப் பார்த்தேன். உத்திரம் அண்டை வீட்டுச் சுவரில் ஏறியிருந்தது, முனையை விரலால் தொட்டதும் கரையான் மண்ணாக உதிர்ந்தது. அந்தத் தரகர் முற்றத்தைக் காட்டியே ஆளை மயக்கிவிட்டார். மழைக்காலத்தில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

கால்வாய்க்கரை:
அனைவருக்கும் நன்றி. நகல் வாங்கிப் படித்தேன். விளக்குக்கு வாடகையில் ஒரு பங்கு மட்டுமே. வீடு கோயிலுக்கு எழுதப்படவில்லை. ஆனால் விற்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பயனாளிகளில் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களில் ஒருவனுக்குப் பதினான்கு வயது. அட்வான்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு, நீதிமன்ற அனுமதி வாங்கி வரும்படி சொல்லியிருக்கிறேன்.