கோயில்: முதலில் அரசன் வீடா, ஆண்டவன் வீடா?

வெண்ணாற்றுக்கரை:
கோயில் என்ற சொல்லே சாமிக்காகப் பிறந்ததுதான் என்று குடவாசல் தம்பி நேற்று எழுதியிருந்தார். இல்லை தம்பி. கோ அரசன், இல் வீடு. புறநானூறு 67-ல் பிசிராந்தையார் அன்னச்சேவலிடம், உறையூருக்குப் போய் ‘வாயில் விடாது கோயில் புக்கு’ சோழனிடம் என் பேரைச் சொல் என்கிறார். அது அரண்மனை. சாமிக்கு அப்புறம்தான் வந்தது.

குடவாசல்:
அண்ணே, ஒரே பாட்டை வைத்து முடிக்காதீர்கள். கோ என்றால் தலைவன், இறைவனும் தலைவன்தானே. சிலப்பதிகாரத்தில் பூம்புகாரிலேயே ‘பிறவா யாக்கைப் பெரியோன் கோயிலும் அறுமுகச் செவ்வேள் அணிதிகழ் கோயிலும்’ என்று வருகிறதே!

வெண்ணாற்றுக்கரை:
சிலம்பு பிந்தியது. சரி, தஞ்சாவூருக்கே வாங்க. பெரிய கோயில் விமானத்துக் கல்வெட்டில், ராஜராஜன் ‘தஞ்சாவூர்க் கோயிலின்’ உள்ளே திருமஞ்சனசாலையில், அதாவது குளிக்கும் மண்டபத்தில், இருந்துகொண்டு ஆணை சொல்கிறான். அந்தக் கோயில் அவன் அரண்மனை. 1010-ல் முடித்த இந்தப் பெரிய கட்டடத்தையோ ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான், கல்லால் ஆன தளி; தளி என்றால் சாமி இருக்கும் இடம். ஒரே கல்வெட்டில் இரண்டு சொல்லும்! இது புரிந்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

மன்னை மாணவி:
நடுவில் ஒரு சந்தேகம், கோவில் என்று எழுதுவது தப்பா?

வெண்ணாற்றுக்கரை:
தப்பில்லை அம்மா. நன்னூல் இலக்கண விதிப்படி கோவும் இல்லும் சேரும்போது நடுவில் வகரம் வந்தால் கோவில். பழைய பாட்டிலும் கல்வெட்டிலும் கோயில்.

குடவாசல்:
கல்வெட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் ராஜராஜனுக்கு முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் அப்பர் பெருங்கோயில் எழுபத்தெட்டு, கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், ஆலக்கோயில் என்று அடுக்குகிறார், அவரே பழையாறை வடதளியையும் பாடுகிறார், அப்படியானால் இரண்டு சொல்லும் ஒன்றாகவே புழங்கியிருக்கிறது. எங்கள் வயலோரம் ஐயனார் இருக்கிறார். ஒரு வேப்பமரம், நாலு சூலம், முன்கால் உடைந்த மண்குதிரை. கூரை கிடையாது, சுவரும் கிடையாது. ‘இல்’ எங்கே அண்ணே? ஆனாலும் நடவுக்கு முன்னால் என் அப்பாயி ‘கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்’ என்றுதான் கிளம்பும்.

வெண்ணாற்றுக்கரை:
அது இன்றைய பொருள், நான் கேட்பது பிறப்பை. திருமஞ்சனத்தையே பாருங்கள், அன்று அரசன் குளித்ததும் அதுதான், இன்று சாமிக்கு மட்டும்தான் சொல்கிறோம். கோயிலும் அதே வழியில் வந்ததுதான்.

குடவாசல்:
திருமஞ்சனத்தை நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போகிறேன், அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அப்பாயி சொன்ன கோயிலை மட்டும் விடமாட்டேன்.