மிலிட்டரி அப்பா: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மூத்த மகள்:
அப்பா இறந்துபோய் ஒரு மாதம் ஆகப் போகிறது. எங்களுக்குத் தெரியாத அப்பா உங்களிடம் இருப்பார், அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்குப் பேர் போன ஊர் இல்லை, ஆனாலும் தெருவுக்கு நாலு பேர் போயிருப்பார்கள். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. 1968-ல் பெங்களூரு அல்சூரில் பயிற்சி, 1971 பாகிஸ்தான் சண்டை, ஹவில்தாராக ரிட்டையர், அப்புறம் ஒரு பேங்கில் துப்பாக்கிக் காவலர். சண்டையைப் பற்றிக் கேட்டால் "மெடல் பொட்டியில இருக்கு, பாத்துக்கோ" என்பதோடு சரி.

வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் அவர்தான் தலை பின்னிவிடுவார். இழுக்கிற இழுப்பில் புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். அடைமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கம்போடு வந்துவிடுவார். திறந்து கிடக்கும் சாக்கடை எங்கே என்று குத்திக் குத்திப் பார்த்து, வழி நெடுக வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டிக்கொண்டே போவார். அதை ஒட்டித்தான் நாங்கள் நடக்கவேண்டும். மற்ற பிள்ளைகள் தண்ணீரில் குதித்து விளையாடுவார்கள். எங்களுக்கு மானம் போகும்.

எதிர்வீட்டுப் பெண், இப்போது ஓசூரில்:
அக்கா, உங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் படித்தது நான்தான், தெரியுமா? அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் அப்போது ஆறாவதோ ஏழாவதோ. '56 ஏ.பி.ஓ.' என்று பட்டாளத்துத் தபால் முகவரி போட்ட இன்லேண்ட் லெட்டர் வந்தால் அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவார்.

மாமா ரொம்ப விவரமானவர். படிப்பது சின்னப் பெண் என்று தெரியும். மாடு கன்று போட்டதா, கூட்டுறவு சங்கக் கடனில் எவ்வளவு கட்டியாச்சு, எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில் "கருவேப்பிலைச் செடிக்கு மறக்காமல் தண்ணீர் ஊற்று" என்று எழுதுவார். உங்கள் வீட்டில் கருவேப்பிலைச் செடியே கிடையாது. எங்கள் வீட்டில் வந்துதான் பறிப்பீர்கள்! அந்த வரி வந்ததும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். பதில் எழுதச் சொல்லும்போது "ஊத்திக்கிட்டுதான் இருக்கேன்னு எழுது" என்பார். என்னவென்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

கூட இருந்தவர், குடியாத்தம்:
அம்மா, துணி கட்டினார் என்று படித்ததும் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. நாங்கள் 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட். பாகிஸ்தானில் ஷக்கர்கர் பக்கம் பசந்தர் ஆறு, 1971 டிசம்பர் 15 ராத்திரி. ஆற்றுக்கு அந்தாண்டை கண்ணிவெடி. சாய்வாகக் கம்பியைக் குத்திப் பார்க்கணும். நேராகக் குத்தினால் போச்சு. துப்புரவான பாதைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டணும், டேங்கு அதற்குள்தான் வரும். நாங்கள் பாதி தூரம்கூடச் சரியாக முடிக்கவில்லை. அதற்குள் எதிரி டேங்கு வருகிறது என்று சேதி. எங்கள் டேங்குப் படையான 17 ஹார்ஸ் காத்திருக்காமல் உள்ளே இறங்கிவிட்டது. மறுநாள் பரம்வீர் சக்ரா வாங்கிய அருண் கேதர்பால் செத்தது அந்தச் சண்டையில்தான். எங்கள் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அந்தப் போரில் போனார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

உங்க அப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. நாடா சுருள் அவர் கையில்தான் இருந்தது. இதற்குமேல் நான் எழுதவில்லை, அவரே சொல்லாததை நான் ஏன் சொல்லணும்.

டீக்கடைக்காரர்:
மிலிட்டரி கேன்டீன் சரக்கு கேட்டு ஊரே அவர் பின்னால் அலையும். நானும் அலைந்தேன். ஒருநாள் பையோடு வந்தார். ஆசையாகத் திறந்தால் பிரஷர் குக்கர். "உன் பொண்டாட்டி விறகடுப்புல கஷ்டப்படுதுடா" என்றார். காசு மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார்.

பக்கத்து ஊர், ராணுவ வீரர் மகன்:
எங்கள் அப்பா இறந்தபோது அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வராமல் இழுத்தது. டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பேர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பட்டாளத்தில் பேர் எழுதியவர் இந்தி ஸ்பெல்லிங்கில் எழுதிவிட்டார் போல. ஓர் அலுவலகத்தில் எங்களை நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்றார்கள். சார் கேள்விப்பட்டு அவராகவே வந்தார். பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதவேண்டிய கடிதத்தை அவர் கையாலேயே எழுதினார், அபிடவிட் போட வக்கீலிடம் கூட்டிப்போனார், பஸ் காசும் அவர்தான். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவரைப் பார்த்தாலே நாற்காலி போடுவார்கள். இந்த மாதிரி எத்தனை அம்மாக்களுக்குச் செய்தார் என்று உங்கள் வீட்டுக்கே தெரிந்திருக்காது.

மூத்த மகள்:
தெரியாதுதான். ஆனால் பீரோவில் பச்சை ஃபைல் ஒன்று இருந்தது. அம்மா பேர் எல்லாத் தாளிலும் ஒரே எழுத்தில், திருத்தியதற்கு அத்தாட்சியோடு. ஜாயின்ட் போட்டோ, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, பேங்க் புக். மேலே அவர் கையெழுத்தில் "முதலில் டெத் சர்டிபிகேட், பத்து காப்பி" என்று குறிப்பு.

அதே பீரோவில் இன்னொரு நோட்டு. சுத்துப்பட்டு ஊர் அம்மாக்களின் பேர், நவம்பரில் யாருக்கு உயிர்ச்சான்று கொடுக்கணும், யாருக்கு ரேகை பதியாது, யாரைக் காலையிலேயே கூட்டிப்போகணும் என்று. போன வாரம் அதில் ரெண்டு பேர் வந்து, இந்த வருஷம் யார் வருவீர்கள் என்று கேட்டார்கள். ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் எல்லாம் செல்போனிலேயே முடித்துவிடலாம் என்கிறான் என் பையன். முடியும்தான். அந்த அம்மாக்கள் ஆளுக்கு அரை மணி நேரம் கதை சொல்வார்கள், அப்பா உட்கார்ந்து கேட்பார். இவன் உட்காருவானா என்று நவம்பரில்தான் பார்க்கணும்.

கருவேப்பிலையைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "போடி, வேலையைப் பாரு" என்கிறார்.