பட்டு ஸ்கார்ஃபும் மூன்று கறைகளும்: குடும்பக் குழு உரையாடல்

நித்யா, காலை 9.05
எல்லோருக்கும் வணக்கம். என்னுடைய மெல்லிய பட்டு ஸ்கார்ஃபின் ஒரு மூலையில் லிப்ஸ்டிக் பட்டிருக்கிறது. நடுவில் மழைத்துளி விழுந்து காய்ந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் தெரிகிறது. போதாக்குறைக்கு, கழுத்தில் படியும் மடிப்பு இலேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. நான் இன்னும் அதன் மீது கை வைக்கவில்லை. இதை வீட்டிலேயே துவைக்கலாமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

வித்யா சித்தி, காலை 9.11
லிப்ஸ்டிக் கறையின் மேல் பற்பசையைத் தடவி, பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும் என்று ஒரு காணொளியில் காட்டினார்கள். மஞ்சள் நிறத்துக்குச் சமையல் சோடா கரைத்த நீரில் ஊற வைக்கச் சொன்னார்கள்.

கலா பெரியம்மா, காலை 9.26
வித்யா, அந்தக் காணொளியில் இருந்தது பருத்தித் துணியாக இருக்கும். பற்பசையில் பல்லை மெருகேற்றுவதற்கான நுண்துகள்கள் உள்ளன. அவை பட்டு இழையை அராவிவிடும். சமையல் சோடா காரத்தன்மை உடையது. பட்டு என்பது ஃபைப்ராயின் என்னும் புரதம், அதாவது நம் தலைமுடியைப் போலப் புரதத்தாலான ஓர் இழை. காரத்தில் அது வலுவிழந்து பளபளப்பையும் இழக்கும். குளோரின் பிளீச்சோ பட்டை மஞ்சளாக்கி, கடைசியில் கரைத்தே விடும். சாயப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்: கறையால் கெட்ட பட்டைவிட, கறையை எடுக்கிறேன் என்று தேய்த்துக் கெட்ட பட்டுதான் அதிகம்.

நித்யா, உன்னுடைய மூன்று கறைகளும் மூன்று விதமானவை. முதலில் ஓரத்தில் தைத்திருக்கும் சிட்டையில் என்ன குறிகள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்.

நித்யா, காலை 9.34
தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கை இருக்கும் படம், குறுக்குக் கோடு போட்ட முக்கோணம், ஒற்றைப் புள்ளி வைத்த இஸ்திரிப் பெட்டி ஆகியவை இருக்கின்றன, பெரியம்மா. அவற்றுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்தும் இருக்கிறது.

கலா பெரியம்மா, காலை 9.41
நல்லது. கை இருக்கும் தொட்டி என்றால் கையால் துவைக்கலாம். குறுக்குக் கோடிட்ட முக்கோணம் பிளீச் கூடாது என்பதையும், ஒற்றைப் புள்ளி இஸ்திரியின் சூடு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்கின்றன. வட்டத்துக்குள் உள்ள எழுத்து டிரை கிளீனிங்குக்கு உரியது. தொட்டியின் மேலேயே குறுக்குக் கோடு போட்டிருந்தால், இந்தப் பேச்சை இத்துடன் நிறுத்தியிருப்பேன்.

ரவி மாமா, காலை 9.45
அக்கா, பட்டில் தண்ணீரே படக்கூடாது என்றுதானே இத்தனை காலமும் நினைத்திருந்தோம்? ஒரு மழைத்துளிக்கே தடம் விழுகிறது. முழுவதையும் நீரில் அமிழ்த்தினால் என்ன ஆகும்?

கலா பெரியம்மா, காலை 9.58
ஒரு துளி விழுந்ததால்தான் தடம் விழுந்தது, ரவி. பட்டு, பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து வருவது. சாயமிடும் முன்பு அதை வேகவைத்து செரிசின் என்ற கோந்தை நீக்குவார்கள். அப்படி நீக்கியும் எஞ்சியிருக்கும் சிறிதளவு கோந்தும், நெசவுக்குப் பிறகு ஏற்றும் மெருகுப் பொருள்களும் துளி விழுந்த இடத்தில் கரைந்து, நீர் பரவி நின்ற விளிம்பு வரை போய் அங்கேயே காய்ந்துவிடுகின்றன. அதுதான் நித்யா பார்க்கும் வட்டம். துணி முழுவதும் ஒரே சமயத்தில் நனைந்து, ஒரே சீராக உலர்ந்தால் அப்படி ஒரு விளிம்பு உருவாகவே இடமில்லை. ஆகவே நடுவில் உள்ள வட்டத்துக்குத் தனி வைத்தியம் எதுவும் வேண்டாம், முழுத் துவையலிலேயே அது போய்விடும். அதே காரணத்தால்தான், கறை பட்ட இடத்தை மட்டும் ஈரக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு விடக்கூடாது என்கிறேன். ஒரு கறை இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடும்.

இப்போது சாயத்தைச் சோதிக்க வேண்டும். துவைக்கப் போகும் டிடர்ஜென்ட்டை நீரில் கரைத்து, அதில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, வெளியே தெரியாத ஓரத்தில் ஒவ்வொரு நிறத்தின் மீதும் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடி. வெறும் தண்ணீரில் இறங்காத சாயம் டிடர்ஜென்ட்டில் இறங்குவது உண்டு என்பதால்தான் கரைசலிலேயே சோதிக்கச் சொல்கிறேன். அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்றையும் நம்பவே நம்பாதே.

அரவிந்த், காலை 10.04
எந்த டிடர்ஜென்ட் என்று நீங்கள் சொல்லவே இல்லையே, பெரியம்மா. எங்கள் வீட்டில் இருக்கும் திரவத்தின் உறையில் 'புரோட்டியேஸ் நொதி கலந்தது' என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தலாமா?

கலா பெரியம்மா, காலை 10.10
அதை எடுக்கவே கூடாது, அரவிந்த். புரோட்டியேஸ் புரதத்தை உடைக்கும் நொதி. இரத்தக் கறை, வியர்வைக் கறை போன்றவற்றைக் கரைப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். கறையில் இருக்கும் புரதம் எது, துணியே ஆன புரதம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பட்டுக்கும் கம்பளிக்கும் உரியது என்று குறிப்பிட்டு விற்கப்படும், நொதி இல்லாத, காரமோ அமிலமோ அல்லாத நடுநிலையான திரவ டிடர்ஜென்ட்தான் வேண்டும். அது கைவசம் இல்லாவிட்டால், கண்டிஷனர் கலக்காத மென்மையான ஷாம்பு போதும். சவர்க்காரக் கட்டி வேண்டாம்; அது காரத்தன்மை உடையது, அதோடு கடின நீரில் சுண்ணாம்புப் படிவை உண்டாக்கித் துணியை மங்க வைத்துவிடும்.

நித்யா, காலை 10.38
என்னிடம் கம்பளிக்கான திரவம் இருந்தது. அதன் உறையை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், நொதி எதுவும் இல்லை. சோதித்ததில் தந்த நிறத்திலிருந்தும் பச்சையிலிருந்தும் வெள்ளைத் துணியில் எதுவும் ஒட்டவில்லை. செம்மண் நிறக் கரையில் மட்டும், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்குக்கூட எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கலா பெரியம்மா, காலை 10.42
'நினைக்கிறேன்' என்ற சொல் இந்த வேலையில் போதாது. அந்தத் துணியைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்.

நித்யா, காலை 10.47
பார்த்துவிட்டேன். சுத்தமாக, வெள்ளையாகவே இருக்கிறது.

கலா பெரியம்மா, காலை 11.02
அப்படியானால் லிப்ஸ்டிக்கிலிருந்து தொடங்கு. அதில் மெழுகு, எண்ணெய், நிறமி ஆகிய மூன்றும் உள்ளன. மெழுகையும் எண்ணெயையும் வெறும் நீர் கரைக்காது என்பதால், துணி உலர்ந்திருக்கும்போதே அவற்றைக் கவனிக்க வேண்டும். மேலே திட்டாக ஒட்டியிருப்பதை மழுங்கிய கரண்டியின் விளிம்பால் ஏந்தி எடு, இழுத்துப் பரப்பாதே. பிறகு மடித்த வெள்ளைத் துணியின் மேல் ஸ்கார்ஃபை விரித்து, கறையின் மீது சோள மாவையோ வாசனையில்லாத டால்கம் பவுடரையோ தூவிச் சில மணி நேரம் அப்படியே விட்டுவிடு. எண்ணெயை மாவு உறிஞ்சிக்கொள்ளும். அதன்பின் மாவை உதறிவிட்டு, கறை கீழ்நோக்கி இருக்கும்படி ஸ்கார்ஃபைத் திருப்பிப் போட்டு, பின்புறத்திலிருந்து ஒரு சொட்டு டிடர்ஜென்ட்டை விரல் நுனியால் ஒற்று. கறை அடியில் உள்ள வெள்ளைத் துணிக்கு இறங்கும். துணியின் சுத்தமான பகுதிக்கு இடம் மாற்றிக்கொண்டே இரு. அந்தச் சொட்டு காயும் முன்பு முழு ஸ்கார்ஃபையும் நீரில் போட்டுவிட வேண்டும். ஆகவே தொட்டியைத் தயாராக வைத்துக்கொண்டே தொடங்கு.

தேய்க்காதே என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. பட்டு நனைந்தால் அதன் வலிமையில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒவ்வோர் இழையும் இன்னும் மெல்லிய நுண்ணிழைகளின் கட்டு. ஈரத்தில் தேய்த்தால் அந்தக் கட்டு பிரிந்து, ஒளியைச் சிதறடித்து, அந்த இடம் வெளுத்துப்போனதுபோல் தெரியும். சாயம் போயிருக்காது, இழைதான் சிதைந்திருக்கும். அதைச் சரிசெய்ய வீட்டிலும் வழி இல்லை, சலவைக்காரரிடமும் வழி இல்லை. இலேசான கறையோடு ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொள்ளலாம். வெளுத்த திட்டு மட்டும் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

அரவிந்த், காலை 11.09
நெயில் பாலிஷ் அகற்றியோ ஸ்பிரிட்டோ ஒரு துளி வைத்தால் விரைவாக முடியாதா?

கலா பெரியம்மா, காலை 11.13
ஸ்பிரிட் லிப்ஸ்டிக்கையும் கரைக்கும், சில சமயம் அதன் அடியில் உள்ள சாயத்தையும் சேர்த்துக் கரைக்கும். பால்பாயின்ட் மைக் கறையிலும் இதே சிக்கல்தான், ஆகவே அதை நான் வீட்டில் தொடவே மாட்டேன். அந்த அகற்றியைப் பொறுத்தவரை, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் பட்டின் அருகே கொண்டுபோகாதே.

வித்யா சித்தி, காலை 11.20
என்னிடமும் ஒரு கருநீல கிரேப் ஸ்கார்ஃப் இருக்கிறது, அக்கா. அதில் தேநீர் சிந்திக் காய்ந்திருக்கிறது. நித்யா செய்வதையே நானும் செய்யட்டுமா?

கலா பெரியம்மா, காலை 11.31
வேண்டாம். கிரேப்பும் ஜார்ஜெட்டும் இறுக்கமாக முறுக்கிய நூலால் நெய்தவை. நனைந்தால் அந்த முறுக்கு இறுகித் துணி சுருங்கும், சில நேரம் பழைய அளவுக்குத் திரும்பவே திரும்பாது. அதன்மேல் கருநீலம் வேறு. எதற்கும் சோதனைத் துணியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல். தேநீர்க் கறை டானின் வகை, அதாவது தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பொருளால் வருவது. சிந்திய உடனே வெள்ளைத் துணியால் ஒற்றியிருந்தால் பெரும்பகுதி ஏறியிருக்காது. காய்ந்த பிறகு அதன்மேல் சவர்க்காரத்தைப் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

ரவி மாமா, காலை 11.40
ஆக, சந்தேகம் என்றால் டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதுதான் எப்போதும் பாதுகாப்பு, அப்படித்தானே அக்கா?

கலா பெரியம்மா, காலை 11.52
எப்போதும் என்று சொல்ல முடியாது. கையால் ஓவியம் தீட்டிய பட்டில், நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க குட்டா என்ற பொருளால் கோடு இழுப்பார்கள். அதில் இரப்பர் போன்ற மரப்பாலால் ஆன வகையை டிரை கிளீனிங் கரைப்பான் கரைத்துவிடும். பொன்நிறக் குட்டாவால் கோடுகள் இழுத்திருந்தால், போய் வரும்போது அந்தக் கோடுகளே இல்லாமல் திரும்பி வரலாம். அத்தகைய ஸ்கார்ஃபை, சாயம் நிலையாக இருந்தால், குளிர்ந்த நீரில் துவைப்பதே நல்லது.

வித்யா சித்தி, பிற்பகல் 12.15
சோதித்துவிட்டேன். வெள்ளைத் துணியில் நீலம் நன்றாகவே ஒட்டியிருக்கிறது. ஒரு கைப்பிடி உப்புப் போட்டுச் சாயத்தை நிலைக்க வைக்கலாமா?

கலா பெரியம்மா, பிற்பகல் 12.19
உப்பு, ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் சாயத்தைப் பூட்டி வைக்காது. போதாததற்கு உப்பு பட்டுக்குப் பகை. வியர்வை பட்ட பட்டு நாளடைவில் நைந்துபோவதற்கு அதில் உள்ள உப்பும் ஒரு காரணம். அதை டிரை கிளீனிங்குக்கே கொடுத்துவிடு.

நித்யா, பிற்பகல் 2.30
மாவை உதறிவிட்டேன், பெரியம்மா. மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டது, இளஞ்சிவப்பு மட்டும் நிற்கிறது. தொட்டியில் எவ்வளவு நீர், எவ்வளவு நேரம் என்று சொன்னால் தொடங்கிவிடுவேன்.

கலா பெரியம்மா, பிற்பகல் 2.41
நான்கு லிட்டர் அளவு குளிர்ந்த நீர் போதும். வெதுவெதுப்பு வேண்டும் என்றாலும் 30 டிகிரி செல்சியசைத் தாண்டாதே. ஒரு தேக்கரண்டி டிடர்ஜென்ட்டை முதலில் கரைத்துவிட்டு, பிறகு ஸ்கார்ஃபை முழுவதுமாக அமிழ்த்து. நீருக்குள் இப்படியும் அப்படியுமாக அசைத்தால் போதும். மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் எடுத்துவிட வேண்டும், ஊறப் போடக்கூடாது. அதே சூட்டில் உள்ள நீரை மாற்றி மாற்றி, நுரை முற்றிலும் போகும் வரை அலசு. கடைசி அலசலுக்கு நான்கு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்துக்கொள். அது எஞ்சிய காரத்தை நீக்கிப் பளபளப்பை மீட்டுத் தரும். உலர்ந்ததும் வாடை இருக்காது. நடுவில் நீரில் நிறம் இறங்குவதைக் கண்டால், துணியை மடித்துக் குவித்து வைக்காமல் உடனே அலசி, விரித்துவிடு. சாயம் மடிப்பிலிருந்து மடிப்புக்குத் தாவுவது அப்படிக் குவித்து வைத்திருக்கும்போதுதான்.

பிழியாதே. வெள்ளைத் துவாலையில் விரித்து, துவாலையோடு சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கிவிடும். பிறகு வேறொரு உலர்ந்த துவாலையில் பரப்பி, நிழலில் உலர விடு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டை மஞ்சளாக்கும்.

நித்யா, மாலை 4.20
வட்டத் தடம் அடையாளமே இல்லாமல் போய்விட்டது! மூலையில் மிக மெல்லிய ரோஜா நிறம் எஞ்சியிருக்கிறது. கழுத்து மடிப்பின் மஞ்சள் பாதி குறைந்திருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்துப் பார்க்கலாமா?

கலா பெரியம்மா, மாலை 4.28
வெள்ளைப் பட்டாக இருந்தால் மூன்று சதவீதக் கரைசலை எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம் என்று சொல்லியிருப்பேன். உன்னுடையது சாயமேற்றியது, மஞ்சளோடு தந்த நிறமும் போய்விடும். பழைய வியர்வை இழையோடு வினைபுரிந்துவிட்டால் அந்த மஞ்சள் முழுமையாகப் போகாது. இனிமேல் வாசனைத் திரவியத்தைப் பூசி, அது நன்றாக உலர்ந்த பிறகே ஸ்கார்ஃபைக் கட்டிக்கொள். ரோஜா நிறத்துக்கு, துணி முழுவதும் உலர்ந்த பிறகு இன்னொரு முறை ஒற்றித் துவைத்துப் பார். அதிலும் போகாவிட்டால் விட்டுவிடு. முடிச்சுப் போடும்போது அந்த மூலை உள்ளே போய்விடும்.

இஸ்திரியை இலேசான ஈரம் இருக்கும்போதே, உள்புறத்தில், மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போட்டுச் செய். நீரைத் தெளிக்காதே, மறுபடியும் வட்டங்கள் வரும். ஓரம் கையால் உருட்டித் தைத்ததாக இருந்தால் அதன் அருகில் வரை மட்டும் இஸ்திரி போட வேண்டும்; மேலே ஏற்றினால் அந்த உருட்டு தட்டையாகிவிடும்.

வித்யா சித்தி, மாலை 4.40
நாளை நீல ஸ்கார்ஃபைக் கொடுக்கப் போகிறேன், அக்கா. அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?

கலா பெரியம்மா, மாலை 4.44
அது தேநீர்க் கறை என்பதையும், எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதையும், நீ அதன்மேல் எதுவும் போடவில்லை என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஊசியில்லாமல், கறை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நூலால் கட்டிக் கொடு. எந்தக் கரைப்பானைப் பயன்படுத்துவது என்று அவர்கள் முடிவுசெய்வது அதை வைத்துத்தான். கறையை எடுக்கும் முன்பே துணி மீது இஸ்திரி போட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடு; சூடு பட்டால் டானின் இழையிலேயே தங்கிவிடும்.