மெயின் லைன் போனாலும் பேக்கப்பில் ரூட் போகவில்லை: பிஜிபி நான்-எக்ஸிஸ்ட்-மேப் சந்தேகம்

திருமங்கலம்_ஃபைபர்:

வணக்கம் அண்ணே எல்லாருக்கும். திருமங்கலத்தில் சின்ன அளவில் ஃபைபர் இன்டர்நெட் நடத்துகிறேன். சொந்த ஏஎஸ் நம்பரும் (இன்டர்நெட்டில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) ஒரு /24-ம் (256 ஐபி முகவரி கொண்ட தொகுதி) இருக்கிறது, இங்கே 203.0.113.0/24 என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்டர்நெட் தரும் அப்ஸ்ட்ரீம் கம்பெனி இரண்டு. இரண்டோடும் பிஜிபி, அதாவது எந்த முகவரிக்கு எது வழி (ரூட்) என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறை. மெயின் 1 ஜிபி, ஏஎஸ் 64501. பேக்கப் 200 எம்பி, ஏஎஸ் 64502. சாதாரண நாளில் பேக்கப் வழியாக டிராஃபிக் உள்ளே வரக் கூடாது, வந்தால் லைன் நிரம்பிவிடும். மூன்று தடவை பிரிபெண்ட் (வழி நீளமாகத் தெரிவதற்காக நம்ம ஏஎஸ் எண்ணையே திரும்பச் சேர்ப்பது) போட்டும் ஒரு பங்கு அந்தப் பக்கமாகவே வந்தது. அதனால் பேக்கப் நெய்பருக்கு (எதிர்ப்பக்க ரவுட்டருக்கு) அட்வர்டைஸ்-மேப்பில் (எதை அறிவிப்பது) நம்ம /24, நான்-எக்ஸிஸ்ட்-மேப்பில் (எது இல்லாதபோது அறிவிப்பது) 0.0.0.0/0 என்று எழுதினேன். அந்த 0.0.0.0/0-தான் டிஃபால்ட் ரூட், தனி வழி தெரியாத எல்லாவற்றுக்கும் பொது வழி. மெயினில் டிஃபால்ட் ரூட் காணாமல் போனால் பேக்கப்பில் அறிவிப்பு போகணும், இதுதான் கணக்கு.

போன செவ்வாய் சாயங்காலம் சமயநல்லூர் தாண்டி ரோடு வேலைக்குத் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. மெயின் அப்ஸ்ட்ரீமின் மதுரை ரவுட்டர் உயிரோடுதான் இருந்தது, பிஜிபி செஷனும் விழவில்லை, ஆனால் அதற்கு அப்பால் ஒன்றும் போகவில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்கு ஏற்றின லாரி இ-வே பில் எடுக்க முடியாமல் கேட்டுக்குள்ளேயே இரண்டு மணி நேரம் நின்றது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு மெயின் கேபிளையே பிடுங்கிப் பார்த்தேன், அப்போதும் அறிவிப்பு போகவில்லை. எங்கே தப்பு?

மேலூர்_ரவுட்டர்:

தம்பி, உங்களிடம் இரண்டு தப்பு இருக்கிறது, இரண்டும் தனித்தனி.

முதலில் கேபிளைப் பிடுங்கின கதை. நான்-எக்ஸிஸ்ட்-மேப் லைனைப் பார்ப்பதில்லை, பிஜிபி டேபிளை மட்டும்தான் பார்க்கிறது. பேக்கப்காரரும் உங்களுக்கு டிஃபால்ட் ரூட் தருகிறார் இல்லையா? அப்படியென்றால் மெயின் போனாலும் 0.0.0.0/0 டேபிளில் இருந்துகொண்டேதான் இருக்கும், 'இல்லை' என்ற நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. அந்த ரூட்-மேப்பில் (நிபந்தனை எழுதும் இடம்) பிரிஃபிக்ஸ்-லிஸ்டோடு (முகவரித் தொகுதிகளின் பட்டியல்) சேர்த்து ஏஎஸ்-பாத் (ரூட் கடந்துவந்த ஏஎஸ் எண்களின் வரிசை) மேட்ச்சும் அதே எண்ணின் கீழ் போடுங்கள், 64501-ல் தொடங்குவது என்ற பொருளில் ^64501_ என்று. அப்போதுதான் மெயின் வழியாக வந்த ரூட் மட்டும் கணக்கில் வரும்.

இரண்டாவது, செவ்வாய்க்கிழமை கதை. இதற்கு ஏஎஸ்-பாத் மட்டும் போதாது. டிஃபால்ட் ரூட்டை அந்த மதுரை ரவுட்டரே உருவாக்கி உங்களுக்குத் தருகிறது என்றால், அதன் முதுகுக்குப் பின்னால் ஃபைபர் அறுந்தாலும் அது தந்துகொண்டேதான் இருக்கும். ஊருக்கு வெளியிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட ரூட்டைக் கவனிக்கணும். டிஃபால்ட்டோடு 8.8.8.0/24, 1.1.1.0/24, 193.0.14.0/24 இந்த மூன்றையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதல் இரண்டும் கூகுள், கிளவுட்ஃபிளேர் டிஎன்எஸ் (வெப்சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை), மூன்றாவது கே-ரூட் சர்வர், டிஎன்எஸ்ஸின் மூல சர்வர்களில் ஒன்று. மூன்றும் எனிகாஸ்ட், உலகத்தில் பல இடங்களிலிருந்து அறிவிக்கப்படுபவை, ஒரே நேரத்தில் மூன்றும் மெயின் வழியாகக் காணோம் என்றால் கோளாறு மெயினில்தான். மூன்றையும் ஒரே பிரிஃபிக்ஸ்-லிஸ்டில் போட்டால் மூன்றும் போனால்தான் நிபந்தனை நிறைவேறும். ஒன்று மட்டும் எதற்காகவோ மறைந்ததற்கெல்லாம் பேக்கப் திறந்துகொள்ளாது.

சிஸ்கோவில் இந்தச் சோதனை வழக்கமாக 60 விநாடிக்கு ஒரு தடவைதான் நடக்கும். எஃப்ஆர்ஆர் (இலவச ரவுட்டர் மென்பொருள்) என்றால் 5 முதல் 240 விநாடி வரை நாமே மாற்றலாம், மாற்றாவிட்டால் அங்கேயும் 60. ராத்திரி டெஸ்ட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) இருந்தால் அந்தப் பக்கம் ஃபைபரை உருவினாலும் இந்தப் பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ரவுட்டருக்குத் தெரியாது, ஹோல்ட் டைம் (எதிர்ப்பக்கம் பேச்சு நின்றபின் காத்திருக்கும் நேரம்) 180 விநாடி முடிந்தபிறகுதான் செஷன் விழும். ஷோ ஐபி பிஜிபி நெய்பர்ஸ் போட்டு பேக்கப் நெய்பரைப் பார்த்தால் கண்டிஷன்-மேப் வரியில் ஸ்டேட்டஸ் 'வித்ட்ரா'வா (அறிவிக்கவில்லை) 'அட்வர்டைஸ்'ஸா (அறிவிக்கிறது) என்று எழுதியிருக்கும், அதை வைத்துப் பாருங்கள்.

வைகைக்கரை:

மேலூர் அண்ணன் சொன்னது சரி. ஆனால் அது உள்ளே வரும் டிராஃபிக்குக்கு மட்டும்தான் மருந்து. வெளியே போகிற பக்கம்? செவ்வாய் மாதிரி இன்னொரு நாள் வந்தால், மெயினின் பொய்யான டிஃபால்ட் அப்போதும் டேபிளில் இருக்கும், உங்கள் ரவுட்டர் எல்லாவற்றையும் அங்கேயே தள்ளும், பேக்கப்பில் அறிவிப்பு போயும் லாரி நின்ற இடத்திலேயே நிற்கும். மெயினிலிருந்து வரும் டிஃபால்ட்டை வாங்காதீர்கள். அதற்குப் பதில் ஸ்டாட்டிக் டிஃபால்ட் (நாமே கையால் எழுதும் வழி) எழுதி ஐபி எஸ்எல்ஏ பிங்கோடு (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று ரவுட்டரே விடாமல் பார்க்கும் சோதனை) கட்டுங்கள். பிங் நின்றால் ஸ்டாட்டிக் போய்விடும், பேக்கப் தரும் டிஃபால்ட் வந்து உட்காரும்.

பிங் பண்ண 8.8.8.8-ஐ மட்டும் எடுக்காதீர்கள். பிங் எப்போதும் மெயின் வழியாகவே போகணும் என்பதற்காக அந்த முகவரிக்கு ஒரு ஹோஸ்ட் ரூட் (அந்த ஒரே முகவரிக்கான வழி) எழுதுவீர்கள், மெயின் போனதும் வாடிக்கையாளர் வீட்டில் டிஎன்எஸ்ஸாகப் போட்டிருக்கிற அதே 8.8.8.8 அவர்களுக்கும் கிடைக்காமல் போகும். எனக்கு இது நடந்து, நெட் இருக்கிறது ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் போன். அப்ஸ்ட்ரீமின் சென்னை ரவுட்டர் முகவரி ஒன்றைக் கேட்டு வாங்கி அதைப் பிங் பண்ணுங்கள்.

நத்தம்_லிங்க்:

நான் வேறு மாதிரி சொல்வேன். இந்த நிபந்தனை வித்தையே இல்லாமல் இரண்டு பக்கமும் எப்போதும் அறிவித்துவிடலாம். பிரிபெண்ட் ஏன் எடுபடவில்லை? பேக்கப்காரர் தன் வாடிக்கையாளர் ரூட்டுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் (எந்த வழிக்கு முன்னுரிமை என்ற மதிப்பு) அதிகமாக வைத்திருப்பார், பாத் நீளத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிவாகிவிடும். அந்தப் பிரிஃபரன்ஸைக் குறைக்க கம்யூனிட்டி (ரூட்டோடு நாம் ஒட்டி அனுப்பும் குறியீட்டு எண்) தருவாரா என்று கேளுங்கள். ஆர்எஃப்சி 1998 (இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணங்களில் 1998-ஆம் எண்) இதைத்தான் சொல்கிறது, 1996-லேயே வந்தது. பேக்கப் ரூட் முன்கூட்டியே அங்கே இருப்பதால் மாற்றமும் சீக்கிரம் நடக்கும், 60 விநாடி காத்திருக்க வேண்டியதில்லை.

திருமங்கலம்_ஃபைபர்:

எல்லாருக்கும் நன்றி அண்ணே. பேக்கப்காரரிடம் கம்யூனிட்டி கேட்டு மெயில் போட்டேன், இன்னும் பதில் இல்லை. அதுவரைக்கும் மேலூர் அண்ணன் சொன்னபடி மூன்று பிரிஃபிக்ஸும் ஏஎஸ்-பாத்தும் போட்டு, வைகைக்கரை அண்ணன் சொன்ன ஸ்டாட்டிக்கும் கட்டிவிட்டேன். நேற்று ராத்திரி மெயின் அப்ஸ்ட்ரீம் இன்ஜினியரிடம் கெஞ்சி அந்த மூன்றையும் நிறுத்தச் சொன்னேன், சென்னை ரவுட்டருக்குப் போகிற பிங்கை நானே மறித்தேன். 48 விநாடியில் ஸ்டேட்டஸ் 'அட்வர்டைஸ்' ஆனது. வெளி ஊர்களிலிருந்து டிரேஸ் போட்டுப் பார்த்ததில் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பங்கு 64502 வழியாக வரத் தொடங்கியது. திருப்பிவிட்டதும் தானாகவே 'வித்ட்ரா'வுக்குப் போனது. மீடியா கன்வெர்ட்டர் விஷயமும் அதேதான், மாடிப்படிக்குக் கீழே பெட்டியில் ஒன்று இருக்கிறது. கேபிளைப் பிடுங்கிய முதல் டெஸ்ட் அன்றைக்கு அதைத் தாண்டித்தான் உருவியிருக்கிறேன். பிஎஃப்டி (லைன் செத்ததை உடனே கண்டுபிடிக்கும் முறை) போட்டுத் தர முடியுமா என்று மெயின்காரரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.