அம்புஜம்மாள் தெருவும் என் பெரியம்மாவும்

ஆழ்வார்பேட்டையில் அம்புஜம்மாள் தெரு என்று சொன்னால் ஆட்டோக்காரர் சரியாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார். அந்த அம்புஜம்மாள் யார் என்று கேட்டால் அங்கே குடியிருப்பவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். எனக்கு அவரைத் தெரிந்தது பெரியம்மா வழியாக. அறுபதுகளின் கடைசியில், அம்புஜம்மாள் தொடங்கிய சீனிவாச காந்தி நிலையத்து அச்சகத்தில் அச்சுக் கோர்க்கப் பழகியவர் பெரியம்மா. வசதியில்லாத பெண்களுக்குப் படிப்பு, கைத்தொழில், மருந்து, குழந்தைகளுக்குப் பால் என்று நடந்த இடம் அது.

"பெரிய வக்கீல் வீட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க. வைரத்தோடு, பட்டுப் புடவைன்னு நினைச்சுட்டு நிக்கிறேன். கதர்ப் புடவையில ஒருத்தங்க வந்தாங்க. காதுல கழுத்துல ஒண்ணும் இல்ல. வேற யாரோன்னு நினைச்சு நான் பாட்டுக்கு எழுத்துப் பொறுக்கிட்டு இருந்தேன்" என்பார் பெரியம்மா.

பெரிய வக்கீல் என்பது குறைத்துச் சொன்னது. அம்புஜம்மாளின் அம்மா வழித் தாத்தா அந்தக் காலத்துப் பேர்போன வக்கீல் சர் வி. பாஷ்யம் ஐயங்கார். அப்பா எஸ். சீனிவாச ஐயங்கார், சென்னையின் அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வக்கீலாக இருந்தவர். அந்தப் பதவியையும் அரசு கொடுத்த பட்டத்தையும் விட்டுவிட்டு காங்கிரசுக்கு வந்து, 1926 கௌஹாத்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1899-ல் அந்த வீட்டில் பிறந்த பெண் பள்ளிக்கூடம் போகவில்லை, ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சின்ன வயதிலேயே கல்யாணம். காந்தியும் கஸ்தூரிபாவும் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது காந்தியைவிட கஸ்தூரிபாவின் எளிமைதான் அவரை உலுக்கியது என்பார்கள். பெரியம்மா பார்த்த வெறுங்காதின் கதை அங்கே ஆரம்பிக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த நிலையத்தின் பெயர். அப்பா பெயரையும் காந்தி பெயரையும் சேர்த்து வைத்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு பேரும் அரசியலில் ஒத்துப்போகவில்லை. 1927 டிசம்பரில் சென்னை காங்கிரஸ் பூரண சுதந்திரமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அதற்காக முன்னணியில் நின்றவர்களில் சீனிவாச ஐயங்கார் ஒருவர். அடுத்த வருஷம் நேரு, போஸ் எல்லாரும் சேர்ந்து அமைத்த சுதந்திர லீகுக்கு அவரே தலைவர். காந்தியோ 1928 கல்கத்தாவில் டொமினியன் அந்தஸ்துக்கு, அதாவது பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் சுயாட்சிக்கு, ஒரு வருஷம் அவகாசம் கொடுப்போம் என்றார். கொஞ்ச நாளில் ஐயங்கார் அரசியலை விட்டே ஒதுங்கிவிட்டார். அப்பா வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிறகு, 1932-ல் மகள் அந்நியத் துணிக் கடை வாசலில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போகிறார், அதுவும் இரண்டு முறை! அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. 1941-ல் அப்பா போனார், 1948 ஜனவரியில் காந்தி. அதே 1948-ல் இரண்டு பெயரும் ஒரே பலகையில் ஏறின.

அப்புறம் அவருடைய படிப்பு. வைணவ வீட்டில் ராமாயணம் கேட்டு வளர்வது ஒன்றும் புதிதில்லை. அவர் அதோடு நிற்காமல் ஹிந்தி கற்று, துளசிதாசரின் ராமாயணத்தைத் தமிழில் கொண்டுவந்தார். துளசி எழுதியது அவதி என்ற வட்டார மொழியில், பாடப்புத்தக ஹிந்தியை வைத்துக்கொண்டு அதில் அதிக தூரம் போக முடியாது. வார்தா ஆசிரமத்தில் காந்தியோடு தங்கியிருந்தவர் அவர். துளசியின் வரிகள் ஆசிரமப் பிரார்த்தனையில் ஒலித்தவை. ஆகவே அவருக்கு அது வெறும் ஏட்டுப் படிப்பாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதே கை பிரேம்சந்தின் 'சேவாசதன்' நாவலையும் மொழிபெயர்த்தது. வரதட்சணைக்கு வழியில்லாமல் பொருந்தாத இடத்தில் கல்யாணம் ஆகி, கணவனால் துரத்தப்பட்டு, தாசி வீட்டுக்குப் போய்ச் சேரும் பெண்ணின் கதை. கே. சுப்ரமணியம் 1938-ல் 'சேவாசதனம்' என்று படமாக எடுத்தார், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு அதுதான் முதல் படம். ஆசாரமான குடும்பத்துப் பெண்மணி துளசியைத் தமிழாக்கினார் என்றால் ஊர் மெச்சும். இந்தக் கதையைத் தொட்டதற்கு வேறு தைரியம் வேண்டும். துளசி ராமாயணத்தைவிட இதில்தான் நிலையத்துக்கான விதை இருக்கிறது என்று நான் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நிலையத்தில் நடக்கும் இலக்கியக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். ஒருமுறை பெரியம்மாவையும் கூட்டிப்போனேன். பேச்சை அவர் கேட்கவே இல்லை. எந்தப் பக்கம் எழுத்துப் பெட்டி இருந்தது, எந்த மூலையில் மிஷின் ஓடியது என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

1964-ல் அம்புஜம்மாளுக்குப் பத்மஸ்ரீ வந்தது. அவர் ஜெயிலுக்குப் போனவர் என்பது பெரியம்மாவுக்கு அச்சகத்தில் இருந்தவரை தெரியாது. 1983-ல் அவர் காலமானபோது பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். "தெரிஞ்சிருந்தா ஜெயில்ல என்ன சாப்பாடு போட்டாங்கன்னாவது கேட்டிருப்பேனே" என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறார்.